ஓட்டுக்கூரையில பாசி: சுரண்டுறதோ விடுறதோ? திரும்ப வராமல் இருக்க என்ன வழி?

வடலி (உரும்பிராய்)

எல்லாருக்கும் வணக்கம். கூரை விசயமா ஒரு கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட வீடு அம்மப்பா கட்டினது. மங்களூர் ஓடு, பனஞ்சலாகை, முன்னுக்கு விறாந்தை. பின்னுக்குப் பிறகு இறக்கின பத்திக்கு மட்டும் அஸ்பெஸ்டஸ் சீற். வடக்குப் பக்கக் கூரை முழுக்கப் பச்சைப்பாசி ஏறிப்போய்க் கிடக்கு. தெற்குப் பக்கம் அப்பிடி இல்லை, அங்கங்க கறுப்புத் திட்டு மட்டும். இந்த மாரியில குசினிக்கு மேல ரெண்டு இடத்தால ஒழுகினது. மழை விட்டாப்போல ஏணி வைச்சுப் பார்த்தன். ஓடு வெடிக்கவும் இல்லை, வழுகவும் இல்லை. ஓட்டுக்கு மேல ஓடு ஏறுற பொருத்துக்குள்ள விரல் மொத்தத்துக்குப் பாசி.

ஆளுக்கொரு கதை சொல்லுகினம். கார் கழுவுற இடத்துப் பொடியன் பிறஷர் வோஷர் கொண்டுவந்து ஒரு பின்னேரத்தில முடிச்சுத் தாறன் எண்டான். மாமா பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்து எண்டுறார். பெயின்ற் கடையில கேட்டா கூரைக்கெண்டே பெயின்ற் இருக்காம், அடிச்சா பாசி கிட்டவும் வராதாம். எங்கட குடிதண்ணிக் கிணறு தாழ்வாரத்தில இருந்து பத்துப் பன்னிரண்டு அடியில நிக்குது, அதுதான் யோசனை.

எதைச் செய்யலாம், எப்ப செய்யலாம்? செய்து பார்த்தாக்கள் சொல்லுங்கோ.


ஸ்காபரோ தம்பி

அண்ணை, உதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? பிறஷர் வோஷரால அடிச்சுக் கழுவிப்போட்டு முகட்டில நாகத் (சிங்க்) தகட்டை நீளத்துக்கு இறுக்கி விடுங்கோ. மழைத்தண்ணி தகட்டில பட்டு இறங்கேக்க கொஞ்சம் கொஞ்சமா நாகம் கரைஞ்சு வரும், கீழ பாசி பிடிக்காது. இங்க கனடாவில கனபேர் செய்யிறவை. செப்புத் தூள் கலந்த சிங்கிளும் (இங்கத்தைய தார்க் கூரைத் துண்டு) விக்குது. நாளைக்கே வேலை முடியும்.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

வடலி தம்பி, பிறஷர் அடிக்கிறதெண்டா அடியுங்கோ. பிறகு எனக்குத்தான் வேலை வரும், எனக்கென்ன நட்டம்.

பகிடியை விட்டிட்டுச் சொல்லுறன். மண் ஓட்டை அந்த வேகத்தில தண்ணி தாக்கினா சூளையில வெந்து இறுகின மேல்தோல் உரிஞ்சு போகும். தோல் போன ஓடு சொரசொரப்பா நிக்கும், தண்ணி குடிக்கும், அடுத்த மாரிக்கு முந்தினதை விட வேகமாப் பாசி பிடிக்கும். ரெண்டாவது, ஓட்டுக்கூரை மேல இருந்து கீழ வழியிற தண்ணிக்குத்தான் செய்தது. கீழ நிண்டோ பக்கத்தால நிண்டோ அடிச்சா தண்ணி பொருத்துக்குள்ளால ஏறி உள்ள போகும். றீப்பை (ஓட்டைத் தாங்குற மரச்சட்டம்) நனையும், சீலிங் இருந்தா அதுக்கு மேல குளம். எங்கட பக்கத்தில ஒரு வீட்டில கழுவி முடியேக்க கூரை பளபளவெண்டு இருந்தது. அடுத்த மழைக்கு மூண்டு அறைக்குள்ளயும் வாளி வைச்சவை.

உங்கட ஒழுக்குக்குக் காரணம் நீங்களே எழுதிப்போட்டியள், பொருத்துக்குள்ள நிக்கிற பாசிதான். ஓட்டுப் பொருத்தில ஒரு இடைவெளி இருக்கவேணும், அதாலதான் உள்ள போற துளியும் திரும்பி வெளிய வழியும். அதைப் பாசி அடைச்சிட்டா, திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி தண்ணி மேல் நோக்கி ஏறி ஓட்டின்ர தலைப்பைத் தாண்டி உள்ள சொட்டும். ஓடு முழுசா இருந்தும் ஒழுகுறது அதாலதான்.

இப்ப தை. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கோ. எப்பிடிச் செய்யிறதெண்டு இரவைக்கு எழுதுறன், இப்ப வேலைக்குப் போறன்.


முற்றத்து மல்லி (மானிப்பாய்)

எனக்கு ஒரு சந்தேகம். எங்கட மாமியாற்ற வீடும் ஓடுதான், எனக்குத் தெரிஞ்ச நாளில இருந்து பாசி இருக்கு. ஒருத்தரும் தொடேல்லை, ஒழுகவும் இல்லை. வடிவுக்காக ஏறி இருக்கிற ஓட்டையும் உடைக்கிறதோ? இப்ப அதே அளவு, அதே பள்ளம் உள்ள ஓடு தேடினாலும் கிடைக்காது.


உயிரியல் வாத்தி (கோண்டாவில்)

மல்லி அக்கா சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. முதல்ல கூரையில என்ன வளருது எண்டு பாப்பம். வடலி கண்ட பச்சையும் கறுப்பும் ஒரே சாமான் இல்லை.

மொத்தமாப் பச்சையா நிக்கிறது பாசித்தாவரம், பிரையோபைற்றா. அதுக்கு உண்மையான வேர் கிடையாது, வேர்ப்போலிதான். ஓட்டைப் பிடிச்சு நிக்க மட்டும்தான் அது உதவும். தண்ணியை இலையாலயும் தண்டாலயும் நேரா உறிஞ்சும். ஆடி வெயிலில மண்ணிறமாச் சுருண்டு செத்தது போலக் கிடந்தாலும் சாகிறதில்லை, ஐப்பசியில மழை பட்ட கொஞ்ச நேரத்தில பச்சை திரும்பும். கறுப்புத் திட்டு பெரும்பாலும் நீலப்பச்சை அல்கா. அது ஓட்டை ஒண்டும் செய்யாது, பார்வைக்குத்தான் அசிங்கம். சாம்பல் நிறத்தில வட்டம் வட்டமா ஒட்டிக்கிடந்தா இலைக்கன், அல்காவும் பங்கசும் சேர்ந்து வாழுறது. அதைச் சுரண்டப் போனால் ஓட்டின்ர தோலும் சேர்ந்து வரும், விட்டுவிடுறது நல்லம்.

ஆகவே கறுப்பையும் இலைக்கனையும் விடலாம். பச்சையும் எல்லா இடத்திலயும் கெடுதல் இல்லை. ஓட்டின்ர முதுகில மெல்லிசா நிண்டால் பயமில்லை. பொருத்திலயும், ரெண்டு கூரை சந்திக்கிற பள்ளத் தகரத்திலயும், தாழ்வாரத்தில தண்ணி பிடிக்கிற பீலியிலயும் நிண்டாத்தான் வீட்டுக்குள்ள தண்ணி வரும். அக்காவின்ர மாமி வீட்டுக்கூரை நல்ல சரிவா இருக்கும், மேல மர நிழலும் இருக்காது எண்டு நினைக்கிறன்.

வடக்குப் பக்கம் மட்டும் ஏன் எண்டதுக்கும் கணக்கு இருக்கு. யாழ்ப்பாணத்துக்கு வருசத்தில விழுற மழையில பாதிக்கு மேல ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் வடகீழ் பருவக்காத்தோட வாறது. அந்த நேரம் சூரியன் தெற்கில. நாங்கள் இருக்கிறது வட அகலக்கோடு 9.7 பாகை அளவில. மார்கழி நடுப்பகலில சூரியன் தெற்கு வானத்தில 57 பாகை உயரத்தில நிக்கும். 30 பாகை சரிவுள்ள கூரை எண்டு வையுங்கோ. தெற்குப் பக்க ஓட்டில வெயில் கிட்டத்தட்ட நேருக்கு நேர் விழும். வடக்குப் பக்கத்தில வெறும் 27 பாகையில சரிஞ்சு தடவிக்கொண்டு போகும். வாடைக்காத்து கொண்டாற சாரலும் அந்தப் பக்கத்துக்குத்தான். நனையிறதும் அதுதான், காயாததும் அதுதான்.

சித்திரையில சூரியன் எங்கட உச்சிக்கு வரேக்க ரெண்டு பக்கமும் ஒரே அளவு காயும். ஆனா அப்ப மழை இல்லையே.


வடலி (உரும்பிராய்)

வாத்தியார், இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. எங்கட வடக்குப் பக்கத்துக்குப் பக்கத்து வளவுப் பலாமரத்தின்ர கொப்பும் சேர்ந்து கவிஞ்சு நிக்குது. அப்ப வெயில் இன்னும் குறையும்தானே.


உயிரியல் வாத்தி (கோண்டாவில்)

கொப்பு நிழலும் குடுக்கும், இலையும் கொட்டும். இலை உக்கினா அதுதான் பாசிக்கு மண். அந்தக் கொப்பை விட்டிட்டு ஓட்டை எத்தினை தரம் சுரண்டினாலும் வருசா வருசம் அதே வேலைதான். பாசியின்ர வித்திகள் காத்தில வாறவை. அதால ஒரேயடியா அழிக்கிறது எண்டு ஒண்டு இல்லை. காயவிடுறது ஒண்டுதான் வழி.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

சொன்னபடி எழுதுறன்.

காலம்: மாசி. மழை ஓய்ஞ்சு ஓடு காஞ்சிருக்கும், ஆனா பாசிக்குள்ள கொஞ்சம் ஈரம் நிக்கும். அந்தப் பதத்தில சுரண்டினா பாளம் பாளமா எழும்பும். மார்கழியில ஏறினா வழுக்கி விழுவியள். ஆடியில ஏறினா பாசி தூளாப் போய்ப் பொருத்துக்குள்ள இன்னும் இறுகும்.

சாமான்: மரச்சுரண்டி இல்லாட்டிப் பிளாஸ்ரிக் சுரண்டி, தும்புத்தடி, ஈர்க்கு விளக்குமாறு. கம்பிப் பிறஸ் வேண்டவே வேண்டாம், ஓட்டைக் கீறும். எப்பவும் முகட்டில இருந்து தாழ்வாரத்துக்கு இழுக்கிறது. கீழ இருந்து மேல தள்ளினால் குப்பை முழுக்க ஓட்டுக்கு அடியில போகும். தொடங்க முதல் பீலிக் குழாயின்ர வாயைச் சாக்கால அடையுங்கோ. கிணத்துக்கும் மேல ஒரு தறப்பாள் போடுங்கோ.

ஓட்டில நேரா நடக்கக்கூடாது. முகட்டில கொழுவுற ஏணியைப் படுக்கப்போட்டு அதில நிண்டு செய்யவேணும். பழைய ஓடு பாரம் தாங்கும் எண்டு நம்பிக் கால் வைச்சவை கனபேர் கீழ வந்திருக்கினம். மேல ஏறமுதல் வீட்டுக்கு வாற கரண்ட் வயர் எதால போகுது எண்டும் பாருங்கோ. குளவிக்கூடும் மட்டத்தேளும் ஓட்டுக்கு அடியில இருக்கும், கையுறை போடுங்கோ.

இனித்தான் முக்கியம். மேலால சுரண்டினது மட்டும் போதாது. ஒழுகுற இடத்தில நாலைஞ்சு வரிசை ஓட்டைக் கழட்டி நிலத்தில இறக்கி, பொருத்துற விளிம்பையும் அடிப்பக்கத்தையும் தும்பால உரஞ்சிக் காயவைச்சுத் திருப்பிப் போடவேணும். கழட்டேக்க வரிசை மாறாமல் அடுக்குங்கோ, சோக்கால இலக்கம் போட்டாலும் சரி. பழைய வீடுகளில ரெண்டு மூண்டு தொழிற்சாலை ஓடு கலந்து கிடக்கும், ஒண்டின்ர பள்ளம் மற்றதோட பொருந்தாது. ஓடு கழட்டின கையோட றீப்பையை ஒரு திருப்புளியால குத்திப் பாருங்கோ. உள்ள இறங்கினா மாத்த வேண்டியதுதான். பனஞ்சலாகை வைரமா இருந்தா ஒண்டும் ஆகியிராது. பழுதாகிறது எப்பவும் றீப்பையும் ஆணியும்தான்.

பாசி சுரண்டுறதை விட இந்த றீப்பை பார்க்கிறதுக்குத்தான் நான் கூரையில ஏறச் சொல்லுறது. 2008 இல நிஷாப் புயல் மழைக்குப் பிறகு நான் திருத்தின கூரைகளில ஓடு நல்லா இருந்து றீப்பை உக்கிச் சரிஞ்சதுதான் கனக்க.


கொடிகாமத்தான்

ஆனையிறவு உப்பு ஒரு மூட்டை வாங்கித் தண்ணியில கரைச்சு ஊத்துங்கோ. பாசி கருகிப்போகும். எங்கட ஆச்சி முற்றத்துச் சீமெந்துக்கு உதுதான் செய்யிறவா.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

முற்றத்துச் சீமெந்துக்குச் சரி, ஓட்டுக்குச் சரிவராது. உப்புத்தண்ணி ஓட்டின்ர துளைக்குள்ள போய்க் காயேக்க உப்பு படிகமாகிப் பெருக்கும், ஓடு செதில் செதிலாக் கழரும். கடலோர வீடுகளில சுவர்ப் பூச்சு உதிர்றதும் உதாலதான். ஆணியும் துருப்பிடிக்கும். பிறகு மழைக்கு அந்த உப்பு எங்க போகும்? வடலியின்ர கிணத்துக்கு.


கோப்பாய்த் தோட்டக்காரன்

முந்திரிகைக் (திராட்சை) கொடிக்கு அடிக்க வைச்சிருக்கிற மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) என்னட்டை இருக்கு. சுண்ணாம்போட சேர்த்துப் போர்டோக் கலவையா அடிச்சா பூஞ்சணமே நிக்காது, பாசி நிக்குமோ? 1880களில பிரான்சில முந்திரிகைக்குக் கண்டுபிடிச்ச மருந்து இன்னும் வேலை செய்யுது. கூரைக்கு அடிச்சவை ஆரும் இருக்கினமோ?


உயிரியல் வாத்தி (கோண்டாவில்)

பாசி சாகும், அதில சந்தேகம் இல்லை. செப்பு அயன் பாசிக்கும் அல்காவுக்கும் நஞ்சு. ஆனா மீன், தவளை, நத்தைக்கும் நஞ்சுதான். குடிதண்ணியில செப்பு லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தோட்டத்தில இலைக்கு அடிக்கிறதும், கிணத்துக்குப் பக்கத்தில கூரை முழுக்க அடிச்சு ஒரு மழைக்குக் கழுவிக் கீழ விடுறதும் ஒண்டில்லை. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். மேல மண் கொஞ்சம், அடியில வெடிப்பும் குகையும். ஊத்துற தண்ணி வடிகட்டுப்படாமலே நிலத்தடிக்கு இறங்கிப்போகும். சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் எண்டு ஊரே பதறினது மறந்துபோச்சோ?

கூரையில தகரப் பீலியோ சிங்க்-அலூம் சீற்றோ இருந்தா இன்னொரு வில்லங்கம். செப்புத்தண்ணி அதில வழிஞ்சா தகரம் வேகமா அரிக்கும்.

ஸ்காபரோ தம்பி சொன்ன நாகத் தகட்டுக்கும் இதே கணக்குத்தான், ஆனா செப்பை விட நாகம் ஆபத்துக் குறைவு. தகடு வேலை செய்யும். பழைய கூரைகளில, கல்வனைஸ் (நாகம் பூசின) தகட்டுக்கு நேர் கீழ மட்டும் சுத்தமான பட்டை ஒண்டு ஓடுறதைக் கண்டிருப்பியள். பிரச்சினை என்னெண்டா அந்தத் தண்ணி ஓடுற பாதையில மட்டும்தான் பலன். அதுவும் முகட்டுக்குக் கிட்டத்தான் கூட, தாழ்வாரத்துப் பக்கம் வரவரக் குறையும். மங்களூர் ஓட்டில தண்ணி பள்ளத்துக்குள்ளாலதான் இறங்கும், மேட்டில நிக்கிற பாசி தப்பிவிடும்.


ஈஸ்ற்ஹாம் (லண்டன்)

பிறஷர் வோஷர் கதையில ஸ்காபரோ தம்பியோட ஒத்துப்போக ஏலாது. இங்க லண்டனில வருசம் முழுக்கத் தூறல், கூரையெல்லாம் பாசிதான். இங்கயே நல்ல கூரை வேலைக்காரர் பிறஷர் வேண்டாம், கையால சுரண்டு எண்டுதான் சொல்லுறவை. கனடாச் சிங்கிளுக்கும் உது ஆகாது, மேல ஒட்டியிருக்கிற கல்லுத்தூள் கழண்டு போகும்.

இன்னொண்டு. இங்கத்தைய பாசிக்கு ஓய்வே இல்லை. ஊரில பாசி வருசத்தில பாதிக்கு மேல உறங்கிக் கிடக்கும். அந்த வாய்ப்பு உங்களுக்கு இருக்கேக்க ஏன் மருந்துக்குப் போறியள்?


ஸ்காபரோ தம்பி

சரி அண்ணை, பிறஷரை வாபஸ் வாங்கிறன். நாகத்தை விடமாட்டன். செப்புக் கம்பி போட்டா ஊரில இரவோட இரவாக் கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள், நாகத்தை ஒருத்தரும் தேடமாட்டாங்கள்.


பொடியன் 98

பிளீச்சிங்கையும் கக்கூசு கழுவுற அசிட்டையும் சேர்த்து அடிச்சா ஒரே அடியில வேலை முடியுமே?


உயிரியல் வாத்தி (கோண்டாவில்)

தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதையும். பிளீச்சில இருக்கிற ஹைப்போகுளோரைட்டோட அமிலம் சேர்ந்தா குளோரீன் வாயு வரும். முதலாம் உலகப்போரில போர்க்களத்தில திறந்துவிட்ட வாயு. ஏணியில நிண்டு அதைச் சுவாசிச்சா விழுந்து சாகிறதா, மூச்சடைச்சுச் சாகிறதா எண்டதுதான் கேள்வி. இதை வாசிக்கிற எல்லாரும் வீட்டிலயும் சொல்லி வையுங்கோ. கக்கூசு கழுவேக்கயும் ரெண்டையும் கலக்கிற ஆக்கள் இருக்கினம்.

பிளீச் தனியாப் பாவிக்கிறதெண்டா, கடையில வாற 5 வீதத் திரவத்தில ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி விட்டா 1 வீதம் வரும். அது போதும். பூவாளியால மெல்லமா நனைச்சு, கால் மணித்தியாலம் விட்டு, சும்மா தண்ணியால கழுவிறது. கறுப்புத் திட்டு நல்லா வெளிக்கும். தடிச்ச பச்சைப்பாசிக்கு மேல் நுனி மட்டும் வெளிறும், அடி உயிரோட நிக்கும். அதால முதல் சுரண்டாமல் பிளீச் ஊத்துறது காசைக் கரைச்சு ஊத்துற வேலை. கீழ நிக்கிற பூங்கண்டு, கறிவேப்பிலை எல்லாத்தையும் முன்னும் பின்னும் தண்ணியால நனையுங்கோ. ஆணிக்கும் தகரத்துக்கும் கூடாது. வடலிக்குக் கிணறு அவ்வளவு கிட்ட எண்டா நான் பிளீச்சும் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்.


தீவான் (புங்குடுதீவு)

எங்களுக்குக் கிணத்துத்தண்ணி சவர். கூரையில விழுற மழைத்தண்ணியைத் தாங்கியில பிடிச்சுத்தான் குடிக்கிறம். அதால எங்கட கூரைக்கு ஒரு மருந்தும் ஏறாது, எவன் சொன்னாலும். புரட்டாதியில பீலியைக் கழுவி, கூரையைத் தும்புத்தடியால கூட்டி, முதல் மழை ரெண்டு மூண்டையும் தாங்கிக்கு விடாமல் குழாயைத் திருப்பி வெளிய விடுவம். கூரைக் குப்பை, பறவை எச்சம், பாசித்தூள் எல்லாம் அதோட போயிடும். பிறகுதான் தாங்கிக்குத் திருப்புறது.

நீங்கள் கிணறு வைச்சிருக்கிறாக்கள் இதைப் பெருசா யோசிக்கிறதில்லை.


நல்லூரான்

பெயின்ற் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. எங்கட வீட்டு ஓட்டுக்குக் கூரைப் பெயின்ற் அடிச்சுச் சில வருசமாச்சு. பாசி குறைவு, பார்க்கவும் புதுவீடு போல இருக்கு. ஏன் ஒருத்தரும் அதை எடுக்கேல்லை எண்டு எனக்கு விளங்கேல்லை.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

நல்லூரான் ஐயா, உங்கட வீட்டுக்கு உள்ள சீலிங் இல்லை, கீழ இருந்து காத்துப் படும் எண்டு நினைக்கிறன். மேல மரமும் இல்லாமல் இருக்கும். அப்பிடி எண்டால் பெயின்ற் நிக்கும், மறுக்கேல்லை. ஓட்டை நல்லாக் கழுவிக் காயவைச்சு அடிச்சவை எண்டால் இன்னும் நல்லம்.

நான் காணுறது வேற. பாசிக்கு மேலயே அடிச்சுவிட்டுப் போறாங்கள், அடுத்த மாரியில பாசியும் பெயின்றும் சேர்ந்து கழரும். மண் ஓடு ஈரத்தைக் குடிச்சு ரெண்டு பக்கத்தாலயும் விடுற சாமான். மேல் பக்கத்தை மூடினா, பொருத்துக்குள்ளால உறிஞ்சின ஈரம் வெளிய போக வழியில்லாமல் பெயின்றைக் கொப்பளமாக் கிளப்பும். அதுக்குப் பிறகு திரும்பத் திரும்ப அடிச்சுக்கொண்டே இருக்கவேணும். பழைய மங்களூர் ஓட்டில அந்தச் சிவப்பு நிறமே போதாதோ? அது 1865 இல பாசல் மிஷன் எண்ட கிறிஸ்தவ சபை மங்களூரில தொடங்கின தொழில். அந்தக் காலத்து ஓட்டைத் தட்டிப் பாருங்கோ, கிண்ணெண்டு கேக்கும்.


நல்லூரான்

சீலிங் இருக்கு. பலகைச் சீலிங். கொப்பளம் இன்னும் வரேல்லை. வந்தா இங்க வந்து எழுதுறன்.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

சரி ஐயா, எழுதுங்கோ. நானும் அறியத்தான் வேணும்.


வடலி (உரும்பிராய்)

பத்தியில இருக்கிற அஸ்பெஸ்டஸ் சீற்றைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அதிலயும் கறுப்பாப் பிடிச்சிருக்கு. தும்புத்தடியால உரஞ்சலாமோ?


உயிரியல் வாத்தி (கோண்டாவில்)

உரஞ்ச வேண்டாம். இது ஒண்டில மட்டும் நான் விட்டுக்குடுக்கமாட்டன்.

சீமெந்துக்குள்ள கட்டுண்டு கிடக்கிற மட்டும் அஸ்பெஸ்டஸ் நார் பெருசா வெளிய வராது. காலம் போக மேல் சீமெந்து மழையில அரிச்சு நார் தலைகாட்டும், பாசி பிடிக்கிறதும் அந்தக் கட்டத்திலதான் கூட. அந்த நேரம் காஞ்ச சீற்றை உரஞ்சினாலோ, பிறஷர் அடிச்சாலோ, வெட்டினாலோ நார் காத்தில பறக்கும். நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987 இலயே தடை செய்தது. இப்ப கூரையில இருக்கிறது வெள்ளை. வெள்ளைதானே எண்டு அலட்சியம் வேண்டாம், எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் எண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகுத்திருக்கு. நோய் வர இருபது முப்பது வருசம் எடுக்கும், அதாலதான் ஒருத்தரும் பயப்படுறதில்லை.

சீற்றில பாசி இருந்தாலும் பொருத்து ஒழுகாட்டி அப்பிடியே விடுங்கோ. ஒழுகினா நல்லா நனைச்சு, ஈரத்தோட, பாசியைக் கையுறையால கிள்ளி எடுங்கோ, மூக்குக்கு நல்ல மாஸ்க் போட்டு. எடுத்ததை ஈரமாவே பையில கட்டவேணும். காசு வரேக்க சீற்றை உடைக்காமல் முழுசாக் கழட்டி மாத்துறதுதான் முடிவு.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

வாத்தியார் சொன்னதோட ஒண்டு: அந்தச் சீற்றில ஏறவே வேண்டாம். பாசி மூடினா வெடிப்பும் தெரியாது. ஆணி வரிசைக்கு நேர கால் வைக்கலாம் எண்டு சொல்லுவினம், நானே இப்ப ஏறுறதில்லை.


திருநெல்வேலிக் குடித்தனம்

இடையில வாறதுக்கு மன்னியுங்கோ. எங்கட வீடு பிளாட். ஓடும் இல்லை, சரிவும் இல்லை. ஒரு மூலை மட்டும் ஆடி மாசத்திலயும் பச்சையாத்தான் நிக்குது. கழுவக் கழுவ வருது. வாத்தியார் ஆடியில பாசி உறங்கும் எண்டுறார், எங்கடது உறங்கேல்லையே?


உயிரியல் வாத்தி (கோண்டாவில்)

அந்த மூலையில தண்ணித்தாங்கி இருக்கோ?


திருநெல்வேலிக் குடித்தனம்

ஓம், தாங்கி அங்கதான்.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

அப்ப அது மழைப்பாசி இல்லை. மிதவை வால்வு சரியா அடைபடாமல் நிரம்பி வழியுது, இல்லாட்டிக் குழாய்ப் பொருத்து கசியுது. மோட்டர் போட்டிட்டு மேல போய் நிண்டு பாருங்கோ. கோடையில ஒரு இடம் பச்சையா இருந்தா முதல்ல தண்ணி எங்கால வருது எண்டுதான் தேடவேணும்.

கசிவை நிப்பாட்டி, அந்த மூலையைக் காயவிட்டு, பள்ளம் இருந்தா சாந்து போட்டுச் சரிவு எடுங்கோ. பிறகு நீத்தின சுண்ணாம்பு ரெண்டு பூச்சு அடிச்சால் ஒரு மாரிக்கு நிக்கும். சுண்ணாம்பின்ர காரத்துக்குப் பாசி வராது. காத்துப் பட்டுக் காரம் குறைஞ்சாப்போல திரும்ப அடிக்கவேணும்.

சிலாப்பில ஈரம் ஊறினால் உள்ள கம்பி துருப்பிடிச்சுக் கொங்கிறீட்டு கழண்டு விழும். ஓட்டு வீட்டுக்காரரை விட நீங்கள்தான் அவசரப்படவேணும்.


முற்றத்து மல்லி (மானிப்பாய்)

பீலியில பாசியும் இலையும் அடைச்சு நிக்கிறதுக்கு நுளம்பும் வரும், அதையும் ஆராவது சொல்லுங்கோ. டெங்குக்குப் பார்க்க வாற பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) முற்றத்தில கிடக்கிற சிரட்டையைத்தான் பாப்பார், கூரைப் பீலியை அண்ணாந்து பார்க்கிறதில்லை. மாரிக்கு முதல் ஒருக்கா, நடுவில ஒருக்கா பீலியை வழிச்சா ஒழுக்கும் குறையும், நுளம்பும் குறையும்.

வாத்தியார், மாமி வீட்டுக்கூரை நீங்கள் சொன்னபடி நல்ல சரிவுதான். ஆனா மேல ஒரு வேம்பு நிக்குது. வேப்பிலைச் சருகு மாசி பங்குனியில கொட்டும், அது காஞ்சு காத்தோட பறந்திடும். பலா இலைதான் ஓட்டோட ஒட்டிக்கிடந்து உக்கும்.


வடலி (உரும்பிராய்)

எல்லாருக்கும் நன்றி. எல்லாத்தையும் வைச்சு யோசிச்சதில, மருந்து ஒண்டும் இல்லை, பெயின்றும் இல்லை, பிறஷரும் இல்லை. மாசியில ஆளைப் பிடிச்சுக் கையால சுரண்டி, குசினிப் பக்கம் ஓடு கழட்டி றீப்பை பாக்கிறது. சீற்றைத் தொடுறேல்லை. ரெண்டு கேள்வி மட்டும் மிச்சம். சதுர அடிக்குக் கூலி பேசுறதோ, நாள் சம்பளமோ? மற்றது, பலாமரம் பக்கத்து வளவுக்காரற்ற. வேலியால எங்களுக்கும் அவைக்கும் முந்தியே கொஞ்சம் மனஸ்தாபம்.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

நாள் சம்பளம். சதுர அடிக்குப் பேசினா ஓடி ஓடிச் சுரண்டுவாங்கள், பொருத்தை ஒருத்தரும் பார்க்கமாட்டாங்கள். எத்தினை ஓடு உடையும், ஆர் பொறுப்பு எண்டதையும் முதலே கதையுங்கோ. மாத்து ஓட்டுக்கு, பழைய வீடு பிரிக்கிற இடங்களில கேளுங்கோ. ஓட்டின்ர அடியில இருக்கிற முத்திரையைப் படம் எடுத்துக்கொண்டு போனால் பொருந்துற ஓடு எடுக்கலாம்.


முற்றத்து மல்லி (மானிப்பாய்)

பலாக்காரரிட்டை வெறுங்கையோட போகாதையுங்கோ, சண்டைக்கும் போகாதையுங்கோ. கொப்பால அவைக்கும் இடைஞ்சல் இருக்கும், பழம் உங்கட ஓட்டில விழுந்தா அவைக்கும் நட்டம்தானே. அதைச் சொல்லிக் கேளுங்கோ. அம்மாவை அனுப்பினா இன்னும் நல்லம். ஆம்பிளையள் போனா வேலிக் கதைதான் முதல்ல எழும்பும்.


வடலி (உரும்பிராய்)

அம்மா போட்டு வந்திட்டா. ஓமெண்டிட்டினமாம். கூரைக்கு மேல நிக்கிற ரெண்டு கொப்பும் தறிக்கலாமாம், தறிக்கிற கூலி நாங்களாம், விறகு அவையாம்.


சாந்தகப்பை (சண்டிலிப்பாய்)

விறகைக் குடுங்கோ, சந்தோசமாக் குடுங்கோ. ஆனா கொப்புத் தறிக்கிறது ஓட்டு வேலைக்கு முதல் நடக்கவேணும். ஓடு திருத்தினாப் பிறகு தறிச்சால் ஒரு கொப்பு வழுகினாலே போட்ட வேலை எல்லாம் போச்சு. கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்கோ, அடியில நிண்டு ஒரே வெட்டா வெட்ட விடாதையுங்கோ. மாசி கடைசிக்கிடையில ஆளைப் பிடியுங்கோ, சித்திரை வருசப்பிறப்பு கிட்ட வந்தால் எல்லாரும் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிடுவாங்கள்.